வார்டு வாசலில் நின்ற பால் டின்கள்: மும்பையில் ஒரு நன்கொடையின் நிகழ்வு ஆய்வு

மும்பையின் கிழக்குப் புறநகரில் உள்ள ஒரு சிறிய தமிழர் அமைப்பு, பக்கத்து மாநகராட்சி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு நன்கொடை கொடுக்கப் போனபோது நடந்தது இது. அமைப்பின் கணக்கு வழக்கைப் பார்ப்பவன் என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மற்ற ஊர்களில் இதே காரியத்தில் இறங்கும் மன்றங்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். யார் பெயரும் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

செம்பூரிலிருந்து மான்குர்ட் வரை ஹார்பர் லைன் ரயில் பாதையை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. ஆலையிலும் வங்கியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்று சொந்த ஃபிளாட்டில் இருப்பவர்கள் ஒரு பக்கம். விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் ஒன்றாக உட்காருவது பொங்கல் விழாவில்தான். விழாவில் மிஞ்சும் பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது வழக்கம்.

அந்த வருஷம் இட்லி வியாபாரி ஒருவரின் மனைவிக்கு 31 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையின் எடை ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மாநகராட்சி மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். குறைமாதக் குழந்தைக்கான சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்பதால் பெரிய செலவு வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் மாமியார் எங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவரிடம் புலம்பினார். “பிள்ளைக்குப் பால் பத்தலை அண்ணாச்சி. வெளியில டின் வாங்கிக் குடுக்கலாம்னா சிஸ்டர் ஏசுறாங்க.”

அடுத்த கூட்டத்துக்குள் இந்தப் பேச்சு ‘அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குப் பாலே இல்லையாம்’ என்று ஆகிவிட்டது. சிஸ்டர் ஏன் ஏசினார் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் திட்டம்

விழாவில் மிஞ்சியதோடு வீடு வீடாகப் போய்க் கேட்டதும் சேர்ந்து சுமார் இரண்டு லட்சம் ரூபாய் தேறியது. அதில் ஏறக்குறைய பாதிக்குப் பொருள் வாங்கினார்கள். ஒரு பையில் ஒரு பால் பவுடர் டின், ஒரு ஃபீடிங் பாட்டில், துண்டு, குல்லா, சோப்பு. பையின் மேல் அமைப்பின் பெயரும், கொழுகொழுவென்று சிரிக்கும் ஒரு குழந்தையின் படமும்.

பொருளாளர் அம்மா மட்டும் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்பினார்: “ஆஸ்பத்திரியில யாரையாவது கேட்டீங்களா?” அதற்கு வந்த பதில் நடவடிக்கைக் குறிப்பிலேயே இருக்கிறது: “நல்லது செய்யறதுக்கு எதுக்கும்மா பர்மிஷன்?”

வார்டு வாசலில்

பைகளை டெம்போவில் ஏற்றி, சால்வையும் கேமராவுமாக ஒரு சனிக்கிழமை போய் இறங்கினார்கள். சிஸ்டர் இன்சார்ஜ் கேரளத்துக்காரர், தமிழ் நன்றாகத் தெரியும். ஒரு பையைத் திறந்து பார்த்தார். துண்டையும் குல்லாவையும் எடுத்து மேஜையில் வைத்தார். டின்னையும் பாட்டிலையும் பையிலேயே போட்டு மூடினார்.

“இது உள்ளே வரக்கூடாது சார். வாங்கினா என் மேல நடவடிக்கை. கொடுத்ததுக்கு உங்க மேலயும் கேஸ் வரும்.”

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “கொடுக்க வந்தவங்களையே வாசலோட அனுப்புறீங்களே” என்றார். சிஸ்டர் பதில் சொல்லவில்லை. மாவ்ஷியை (வார்டு ஆயாவை) அனுப்பி, மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அவர் வந்து, எல்லோரையும் தன் அறையில் உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். இந்த நிகழ்வு சண்டையாக முடியாமல் போனதில் அந்த டீக்குப் பங்கு உண்டு.

அவர் விளக்கியது 1992-ஆம் ஆண்டின் சட்டம். குழந்தைப் பால் மாற்றுகள், ஃபீடிங் பாட்டில்கள், குழந்தை உணவுகள் ஆகியவற்றின் உற்பத்தி, வழங்கல், விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. 2003-இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். பால் பவுடரையோ ஃபீடிங் பாட்டிலையோ யாரும் யாருக்கும் தானமாகக் கொடுக்கக் கூடாது. அனாதை இல்லத்துக்கு மட்டும் விலக்கு. மீறினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனிக்காரர்கள் இலவச டின்னை வைத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைவதைத் தடுக்கத்தான் இந்தக் கெடுபிடி. ஆனால் சட்டம் ‘எந்த நபரும்’ என்கிறது, அதனால் நல்ல மனசோடு வரும் மன்றத்துக்கும் அதே விதிதான்.

சட்டத்தை விட, அடுத்து அவர் சொன்னதுதான் எங்களுக்குப் புதிது. குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் முதிராதது. பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளை விட அதிகம். தாய்ப்பால் அறவே கிடைக்காதபோது டாக்டர் எழுதிக் கொடுத்து மருத்துவமனையே பவுடர் பால் தரும், அது தனி. பாட்டிலும் இந்த வார்டுக்கு ஆகாது. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றுசேரச் செய்யத் தெரியாது. முதலில் குழாய் வழியாகவும், அப்புறம் பாலாடை என்ற மூக்குள்ள சிறு கிண்ணத்திலும் புகட்டுவார்கள். பாட்டிலின் ரப்பர் இடுக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும், தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் வீடுகளில் நடக்காத காரியம்.

வார்டில் கண்டது

காலணியைக் கழற்றி, முழங்கை வரை கை கழுவி, இரண்டு பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். பொருளாளர் அம்மாவும் நானும் போனோம்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் நாலைந்து தாய்மார்கள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் கிண்ணத்தில் அடிப்பாகம் நனையும் அளவுதான் மஞ்சளாக இருந்தது. “என்னக்கா, இவ்வளவுதான் வருது” என்றாள். சிஸ்டர் அதை ஒரு சிரிஞ்சில் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு மில்லி கூட இல்லை. தாயின் பெயரும் நேரமும் எழுதிய பிளாஸ்திரியைச் சிரிஞ்சின் மேல் ஒட்டினார். “உன் பிள்ளைக்கு இந்த வேளைக்கு இது போதும், தெரியுமா?” என்று சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனார். பால் பத்தவில்லை என்று அந்த மாமியார் சொன்னது இந்தக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

வெளி வராந்தாவில் பிளாஸ்டிக் விரிப்பில் இன்னும் சில தாய்மார்கள். இவர்கள் யாரும் ‘நோயாளி’ இல்லை. பிரசவித்த தாய்க்கு இலவசச் சாப்பாடு தரும் மத்திய அரசுத் திட்டம் 2011-இலிருந்து இருக்கிறது. அதன் கணக்கு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். குழந்தையோ ஒரு மாதம், ஒன்றரை மாதம் உள்ளே கிடக்கும். டிஸ்சார்ஜ் எழுதியதும் தாய்க்குக் கட்டிலும் போய்விடும், சாப்பாடும் போய்விடும். பக்கத்தில் வீடு இருப்பவள் வீட்டுக்குப் போவாள். கோவண்டியிலிருந்தோ நவி மும்பையிலிருந்தோ வருகிறவள் காலையில் வந்து ஒரு வடாபாவும் டீயுமாக இருந்துவிட்டு, மாலை லோக்கலில் கூட்டம் சேர்வதற்கு முன் கிளம்பிவிடுவாள்.

விஷயம் இருப்பது இங்கேதான். பால் எவ்வளவு சுரக்கும் என்பது எத்தனை தடவை பீய்ச்சுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையக் கூடாது, அதில் இரவு வேளைகளும் சேர்த்தி. பகலில் மூன்று தடவை மட்டும் பீய்ச்சிவிட்டு வீட்டுக்குப் போகிறவளுக்குப் பத்து நாளில் பால் வற்ற ஆரம்பிக்கும். அப்போதுதான் மாமியாருக்கு டின் நினைவு வருகிறது. சிஸ்டர் இதை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: “எனக்கு ராத்திரி மூணு மணிப் பால்தான் சார் பிரச்சினை.”

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

அடுத்த செயற்குழு நீளமாகவும் சூடாகவும் நடந்தது. ‘மரியாதை இல்லாத இடத்துக்கு எதற்கு’ என்று ஒரு தரப்பு. டின்களைக் குடிசைப் பகுதியில் வீட்டுக்கு வீடு கொடுத்துவிடலாம் என்று இன்னொரு தரப்பு. அதுவும் அதே சட்டத்தில்தான் மாட்டும் என்று பொருளாளர் அம்மா நிறுத்தினார். கடைசியில் பெரும்பாலான டின்களை மொத்த வியாபாரி குறைந்த விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் மறுத்ததை, முன்கூட்டியே கேட்டு, தேவை என்று எழுதிக் கொடுத்த ஓர் அனாதை இல்லத்துக்கு அனுப்பினோம். அச்சடித்த பைகள் இன்னும் பரணில் கிடக்கின்றன.

வென்டிலேட்டர் பேச்சு இந்தக் கட்டத்தில்தான் எழுந்தது. வசதியான உறுப்பினர் ஒருவர், தன் தகப்பனார் பெயரைப் பலகையில் போட்டால் வென்டிலேட்டர் வாங்கித் தருகிறேன் என்றார். பெரிய தொகை, தலைவருக்கு ஆசை இருந்தது. மருத்துவக் கண்காணிப்பாளர் மறுக்கவில்லை, சில கேள்விகள் மட்டும் கேட்டார். உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யார் பணம் கட்டுவார்கள்? ஒரு முறை போட்டுக் கழிக்கும் குழாய்களை யார் வாங்குவார்கள்? மூன்று ஷிஃப்டுக்கும் அதை ஓட்டத் தெரிந்த நர்ஸ் எங்கே? ஏற்கெனவே வந்த இரண்டு சாதனங்கள் பழுதாகி மூலையில் நிற்பதைக் காட்டினார். ஒரு முறை டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில், அதாவது மருத்துவமனையின் சாதனப் பதிவேட்டில், ஏறிய பொருளை அப்புறப்படுத்துவதே தனி வேலையாம். அந்த உறுப்பினர் பின்வாங்கி, ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். அதிலும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் தர வேண்டும் என்று 2006-இல் உயர் நீதிமன்றம் வகுத்த திட்டம் இருக்கிறது. கேட்டு வாங்கத் தெரிந்த குடும்பங்கள்தான் குறைவு.

மீதிப் பணத்தை மூன்றாகப் பிரித்தோம். பெரும் பங்கு, டிஸ்சார்ஜ் ஆகியும் குழந்தைக்காகத் தங்கும் தாய்மாருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. இன்னொரு பங்கில், குழந்தையை மார்போடு அணைத்துச் சூடு கொடுக்கும் கங்காரு முறைக்குச் சாய்வு நாற்காலிகள், மூடியோடு கூடிய எவர்சில்வர் கிண்ணங்கள், பாலாடைகள். கங்காரு முறைக்கு மின்சாரம் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். எடை குறைந்த குழந்தைகளின் உயிரைக் காப்பதில் நன்றாக நிரூபணமான முறை அது. ஆனால் முதுகு சாய இடம் இல்லாமல், சிசேரியன் தையலோடு மணிக்கணக்கில் யாரால் உட்கார முடியும்? மூன்றாவது பங்கு மருத்துவமனையின் ஏழை நோயாளிகள் நிதிக்குக் காசோலையாகப் போனது. ‘பூவர் பாக்ஸ்’ என்று மும்பையில் எல்லோரும் சொல்வது இதைத்தான். வெளியில் எடுக்க வேண்டிய ஸ்கேன், ஸ்டாக் இல்லாத மருந்து போன்றவற்றுக்குச் சமூகப் பணியாளர் விசாரித்து இதிலிருந்து தருவார். மூன்றில் நன்றி சொல்ல ஆள் வராத பங்கு இதுதான், அதனாலேயே குழுவில் இதை நிறைவேற்ற அதிகம் வாதாட வேண்டியிருந்தது.

பணம் வாங்குவதில் வந்த சிக்கல்கள்

வருமான வரிச் சலுகை கேட்டவர்கள் பலர். அதற்கு வேண்டிய 80ஜி பதிவு எங்கள் அமைப்புக்கு இல்லை. பொருளாகக் கொடுத்தால் அந்தச் சலுகை யாருக்கும் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி-யே இல்லை. இதைச் சொன்னதும் பாதிப் பேர் “சரி, பரவாயில்லை” என்று கொடுத்தார்கள். சலுகை கட்டாயம் வேண்டும் என்றவர்களை, பதிவுள்ள அறக்கட்டளைகளுக்கு நேரே கொடுக்கச் சொன்னோம்.

அடுத்தது வெளிநாட்டுப் பணம். தலைவரின் மகன் அமெரிக்கக் குடிமகன். அவர் அனுப்பும் பணம், அப்பா நடத்தும் அமைப்புக்கே என்றாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குப் பதிவு இல்லாமல் தொட முடியாது. துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் இன்னொருவரின் மகள் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பியதற்கு அந்தத் தடை இல்லை. மகன் வருத்தப்பட்டார். தணிக்கையாளரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகுதான் தலைவர் சமாதானமானார்.

அதன் பின் நடந்தது

சாப்பாட்டை மருத்துவமனைக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் ஒரு தமிழ் அக்காவிடம் ஒப்படைத்தோம். முதல் வாரம் சாம்பார் சாதமும் பொரியலும் போனது, பாதி திரும்பி வந்தது. வார்டில் இருந்தவர்களில் தமிழ்ப் பெண்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் உத்தரப் பிரதேசம், பீகார், கொங்கண் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்கு ரொட்டி இல்லாமல் சாப்பிட்டதாகவே இருக்காது. “நம்ம சங்கத்துப் பணம், நம்ம சாப்பாடு போனா என்ன?” என்று ஒரு குரல் எழுந்தது. மெஸ் அக்காதான் அதை அடக்கினார்: “அண்ணே, பிள்ளை பெத்தவ வயிறு நிறையணும். எனக்கு ரொட்டி போடத் தெரியும்.” அதற்குப் பிறகு ரொட்டி, பருப்பு, ஒரு காய், கேட்டவர்களுக்குச் சாதம்.

அடுத்த தொல்லை கூட்டம். வராந்தாவில் சாப்பாடு வருகிறது என்று தெரிந்ததும் மற்ற வார்டுகளின் துணைக்கு வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். அவர்களும் பசித்தவர்கள்தான், விரட்ட மனம் வராது. ஆனால் பன்னிரண்டு தாய்மாருக்கு அனுப்பியது இருபத்தைந்து பேருக்குப் பிரிந்தால் யாருக்கும் போதாது. சமூகப் பணியாளர் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார். குழந்தையின் கேஸ் பேப்பரைப் பார்த்து, தாய்க்கு மட்டும், அந்தந்த நாளுக்கு ஒரு சீட்டு. அமைப்பிலிருந்து யாரும் பரிமாறப் போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்பதும் அப்போது சேர்ந்த விதிகள்தாம். தேர்தல் சமயத்தில் ஒரு உள்ளூர் பிரமுகர் பேனரோடு வந்தபோது இந்த விதிதான் கை கொடுத்தது.

ஓர் உறுப்பினர் தன் பங்காக மின்சாரத்தில் இயங்கும் பால் பம்ப் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். நல்ல சாதனம்தான். ஆனால் ஒவ்வொரு தாய்க்கும் தனித் தனிக் குழாய்த் தொகுதி வேண்டும், ஒவ்வொரு முறையும் அதைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாததால் சிஸ்டர் அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டார். கையால் பீய்ச்சுவதே தொடர்கிறது.

மழைக்காலத்தில் ஹார்பர் லைன் தண்ணீரில் நின்ற ஒரு நாள் மெஸ்ஸிலிருந்து ஆள் வர முடியவில்லை. அன்று மருத்துவமனைச் சமையலறையிலிருந்து கிச்சடி வாங்கிச் சமாளித்தார்கள்.

சரி, பலன் என்ன? வராந்தாவில் இரவு தங்கும் தாய்மார் கூடினார்கள். மூணு மணிப் பால் இப்போது பெரும்பாலும் புதிதாகவே கிடைக்கிறது என்று சிஸ்டர் சொன்னார். பவுடர் பால் கேட்டு எழுதும் சீட்டும் குறைந்ததாம். இட்லி வியாபாரியின் மகள் முழுக்கத் தாய்ப்பாலில், பாலாடையிலிருந்து மார்புக்கு மாறி, வீட்டுக்குப் போனாள். அதே மாதத்தில் அந்த வார்டில் இரண்டு குழந்தைகள் இறந்தன. அவர்களின் தாய்மாரும் எங்கள் டோக்கனில் சாப்பிட்டவர்கள்தாம். பிழைத்த குழந்தையைச் சாப்பாடு பிழைக்க வைத்தது என்று அமைப்பின் ஆண்டறிக்கையில் எழுத ஒருவர் விரும்பினார். பொருளாளர் அம்மா அந்த வரியை அடித்துவிட்டார்.

ஒரு கிளை விஷயம். எங்கள் வீட்டுப் பெண்களில் கைக்குழந்தை உள்ள சிலர், தங்கள் பாலைத் தர முடியுமா என்று கேட்டார்கள். பால் வங்கி இல்லாத மருத்துவமனையில் அடுத்தவர் பாலை அப்படியே வாங்க மாட்டார்கள். கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, சிபிலிஸ் பரிசோதனைகள் உண்டு. பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடாக்கிக் குளிர வைத்து, உறைநிலையில் சேமிப்பார்கள். இந்த வசதியை இந்தியாவுக்குக் காட்டிக் கொடுத்ததே மும்பைதான். சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. தாய்ப்பாலை விற்க அனுமதி இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது, எனவே பணம் கொடுத்து வாங்கும் எந்த ஏற்பாட்டிலும் மன்றங்கள் தலையிடாமல் இருப்பது நல்லது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பொருள் வாங்குவதற்கு முன் சமூகப் பணியாளரிடமிருந்து தேவைப் பட்டியலை எழுத்தில் வாங்குவது இப்போது விதி. அதில் சிஸ்டர் இன்சார்ஜின் கையெழுத்தும் வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். எது அலமாரியில் பூட்டப்படும் என்று முன்னாலேயே தெரிந்தவர் அவர்தான்.

மொத்தத் தொகை திரட்டும் முறையையும் கைவிட்டோம். சாப்பாடு தினமும் வேண்டும், பொங்கல் வசூலோ வருஷத்துக்கு ஒரு முறை. நிதி ஒரு கட்டத்தில் கிட்டத்தட்டத் தீர்ந்து, மெஸ் அக்கா மூன்று வாரம் கடனில் சமைத்தார். இப்போது சுமார் நாற்பது குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகை அனுப்புகின்றன. நாலு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாவிட்டால் புதிதாக எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

பூவர் பாக்ஸுக்குக் கொடுத்தது எதற்குச் செலவானது என்ற விவரம் ஒரு வருஷம் எங்களுக்கு வரவில்லை. மருத்துவமனையைக் குறை சொல்ல முடியாது, காசோலை கொடுக்கும்போது அதை யாரும் கேட்கவில்லை. இந்த வருஷக் காசோலையோடு, நோயாளிகளின் பெயர் இல்லாமல் செலவு வகையை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தெரிவிக்கும்படி ஒரு கடிதமும் போயிருக்கிறது.

தீராமல் இருப்பது படுக்கை. தாய்மார் இன்னும் வராந்தாவில்தான் தூங்குகிறார்கள். வார்டை ஒட்டிய பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து எட்டுக் கட்டில் போடலாம் என்று கண்காணிப்பாளரே சொன்னார். கட்டில், மெத்தை, மின்விசிறி செலவை அமைப்பு ஏற்கத் தயார். இடத்தை ஒதுக்க மாநகராட்சியின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் போயிருக்கிறது, நினைவூட்டுக் கடிதமும் போயிருக்கிறது. பொருளாளர் அம்மா ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள்கிழமை மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் போய் ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டு வருகிறார்.